ஒரு நாள் பட்டினி கிடந்தால் கணக்கு தீர்ந்துவிடுமா?

24 ஆகஸ்ட் 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

யூதர்களுக்கு யோம் கிப்பூர் என்று ஒரு நாள் இருக்கிறது. அன்று பட்டினி கிடந்து ஜெபித்தால் அந்த வருஷத்துப் பாவம் மொத்தமும் போய்விடுமாம். ஏமாற்றியவன் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் ஏமாந்தவனுக்கு என்ன கிடைத்தது? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

25 ஆகஸ்ட், இரவு 9.40

இதே கேள்வியை அவர்களே கேட்டுப் பதிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். சுமார் 1,800 வருஷத்துக்கு முன் தொகுத்த யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் யோமா என்ற பகுதி முழுக்க இந்த நாளைப் பற்றியதுதான். அதன் கடைசியில் வருவதை என் வார்த்தையில் சொல்கிறேன்: மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ள தவறுகளுக்கு யோம் கிப்பூர் பரிகாரம். மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவில் உள்ளதற்கு, அவன் போய் மற்றவனைச் சமாதானப்படுத்தும் வரை யோம் கிப்பூர் பரிகாரம் ஆகாது. அதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொன்றும் இருக்கிறது. ‘இப்போது பாவம் செய்வேன், யோம் கிப்பூர் பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்கிறவனுக்கு யோம் கிப்பூர் ஒன்றும் பார்த்துக்கொள்ளாது.

ஆக, நீங்கள் கேட்ட ஏமாந்தவர் இந்தக் கணக்கில் விட்டுப்போகவில்லை. அவர் வாசலுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

நான் யூதன் இல்லை, கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கன். 2013 முதல் 2018 வரை இஸ்ரேலில் பெத்தா திக்வா ஊரில் ஒரு பெரியவரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவர்கள் மொழியில் தாத்தாவுக்கு சபா என்று பெயர், நானும் அப்படியே கூப்பிட்டேன். பார்வை மங்கிய பிறகும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, மிஷ்னாவையும் அதன்மேல் நடந்த விவாதங்களையும் கொண்ட தல்மூதைச் சத்தமாக வாசிப்பார். கேட்டுக்கொண்டிருக்க நான் ஒருவன்தான். இதில் எனக்குத் தெரிந்தது முக்கால்வாசி அப்படி வந்ததுதான்.

இன்று எலூல் மாதம் முதல் நாள். அவர்கள் வருஷத்தின் கடைசி மாதம். இன்றிலிருந்து காலைத் தொழுகையில் ஆட்டுக் கொம்பை ஊதுவார்கள், ஓய்வுநாளில் கிடையாது. அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

26 ஆகஸ்ட், காலை 7.15

தவறை உணர்ந்து திருந்துவதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை என்ன என்று கேட்டிருந்தீர்கள். தெஷுவா. வேர்ச்சொல்லுக்குத் ‘திரும்புதல்’ என்று பொருள். நம் தமிழ் பைபிளில் ‘மனந்திரும்புதல்’ என்று இருப்பது இதற்கு அவ்வளவு நெருக்கமாக இருப்பதை அங்கே போன பிறகுதான் கவனித்தேன். ஓசேயா புத்தகத்தில் ‘இஸ்ரவேலே, உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் திரும்பு’ என்று வரும் இடத்தில் இருப்பதும் இதே வினைச்சொல்தான். அவர்கள் புத்தாண்டுப் பண்டிகைக்கும் யோம் கிப்பூருக்கும் நடுவில் வரும் ஓய்வுநாளில் ஜெபக்கூடங்களில் அதை வாசிப்பார்கள்.

ஆனால் நான் தெஷுவா என்ற சொல்லை முதலில் கற்றது வேறு அர்த்தத்தில். இன்றைய எபிரேயத்தில் தெஷுவா என்றால் சாதாரணமாகப் ‘பதில்’. ஏஜென்சிக்குப் போன் செய்தால் ‘இன்னும் தெஷுவா வரவில்லை’ என்பார்கள். ஹெஷ்போன் என்றால் டீக்கடை பில். அதே ஹெஷ்போனை நெஃபெஷ் என்பதோடு சேர்த்தால் ஆத்துமக் கணக்கு, அதாவது ராத்திரி உட்கார்ந்து தன்னையே கணக்குப் பார்ப்பது. பஸ்ஸில் இடித்துவிட்டால் சொல்லும் ஸ்லிஹாவின் பன்மைதான் எலூல் மாதத்து மன்னிப்பு ஜெபங்களின் பெயர். தினசரிப் பேச்சுக்கும் வழிபாட்டுக்கும் ஒரே சொல் ஓடுவது எனக்குப் பிடித்திருந்தது.

28 ஆகஸ்ட், இரவு 11.05

நேரடியாகப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்த அடுத்த வருஷம். பெசாஹ், அதாவது பஸ்கா பண்டிகைக்கு முன் வீட்டில் ரொட்டித் துணுக்குகூட இல்லாமல் துடைத்து எடுப்பார்கள். பாத்திரம் முழுக்க மாறும். அந்தச் சுத்தமான சமையலறை மேடையில் நான் விவரம் தெரியாமல் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்துவிட்டேன். சபா கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. ‘உனக்குக் கண் இல்லையா’ என்றார். அவருடைய மகளும் அங்கேதான் நின்றிருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. பண்டிகை வந்தது, போனது, நானும் மறந்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து யோம் கிப்பூருக்கு முந்தின நாள் மத்தியானம். சபா ஒரு நீல நிற நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகப் போன் போட்டார். தங்கை, பழைய தலைமையாசிரியர், கீழ்வீட்டுக்காரர். ஒவ்வொருவரிடமும் குறிப்பிட்டு ஒன்றைச் சொன்னார், பொதுவாக ‘மன்னித்துக்கொள்’ என்று முடித்துவிடவில்லை. பேசி முடித்த பெயரைப் பென்சிலால் அடித்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்று, ‘பிஸ்கட் விஷயத்தில் உன்னைச் சத்தம் போட்டேன். தெரியாமல் செய்தவனை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிப்பாயா?’ என்றார். நோட்டில் என் பெயரும் இருந்தது, தப்பும் தவறுமான எழுத்தில்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. 30 வயதுக்காரனிடம் 87 வயதுக்காரர் எழுந்து நின்று கேட்கிறார். ‘சபா உட்காருங்கள்’ என்றேன். அவர் உட்காரவில்லை, பதில் வரட்டும் என்று நின்றார்.

29 ஆகஸ்ட், காலை 6.50

கேட்டால் உடனே மன்னித்துத்தான் ஆக வேண்டுமா என்பவருக்கு: உடனே என்று இல்லை. யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ், 1138இல் ஸ்பெயினின் கொர்டோவாவில் பிறந்து எகிப்தில் மருத்துவராக இருந்து 1204இல் இறந்தவர், தெஷுவாவுக்கென்றே பத்து அத்தியாயம் எழுதியிருக்கிறார். தவறு செய்தவன் போய்க் கேட்கிறான். மற்றவர் மறுத்தால் மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு போகிறான். இப்படி மூன்று தடவை வரை. அப்புறமும் மறுத்தால் அவன் தன் வழியே போகலாம், பாவம் மன்னிக்காதவர் தலையில். காயப்பட்டவர் தன் ஆசிரியர் என்றால் மட்டும் கணக்கு வேறு: ஆயிரம் தடவையானாலும் போய் நிற்க வேண்டும்.

அந்த மனிதர் இறந்துபோயிருந்தால் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், கடவுளுக்கும் இந்த மனிதருக்கும் எதிராகத் தவறு செய்தேன் என்று செய்ததைச் சொல்ல வேண்டும். பணம் தர வேண்டியிருந்தால் வாரிசுக்குத் தர வேண்டும்.

2 செப்டம்பர், இரவு 10.20

மைமோனிடிஸ் சொல்லும் தெஷுவாவின் பகுதிகள்: செய்வதை விடுவது, மனதிலிருந்தும் எடுப்பது, இனிச் செய்வதில்லை என்று முடிவெடுப்பது, நடந்ததற்கு வருந்துவது, இத்தனையையும் வாய்விட்டுச் சொல்வது. வாய்விட்டு என்பதில் அவர் பிடிவாதமாக இருக்கிறார். மனதுக்குள் நினைத்தால் போதாது, உதடு அசைய வேண்டும். வாயால் சொல்லிவிட்டு உள்ளே விடாமல் இருந்தால் அதற்கும் உவமை வைத்திருக்கிறார்: தீட்டான செத்த ஜந்துவைக் கையில் பிடித்துக்கொண்டே குளத்தில் முழுகுவது மாதிரி. கையிலிருப்பதை எறியாதவரை எத்தனை முழுக்குப் போட்டாலும் பயனில்லை.

முழுமையான தெஷுவா எது என்பதற்குத் தல்மூதில் ஒரு அளவுகோல் வருகிறது, அவரும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார். அதே சந்தர்ப்பம், அதே ஆள், அதே இடம், உடம்பிலும் தெம்பு இருக்கிறது, ஆனாலும் இந்த முறை செய்யவில்லை. வயதாகி முடியாமல் போய் விட்டுவிடுவதும் தெஷுவாதான் என்கிறார், ஆனால் அது உயர்ந்தது இல்லை.

இதை எழுதும்போதே எனக்குள் ஒன்று உறுத்துகிறது. அப்புறம் எழுதுகிறேன்.

3 செப்டம்பர், மதியம் 1.30

ஒரு நண்பர் நேற்று எழுதியது நியாயம். நம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னால் முடிந்துவிடும், யூதர்களிடம்தான் ஆளைத் தேடிப் போக வேண்டும் என்று நான் வேறொரு இடத்தில் எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்கிறேன். திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைச் சரிசெய்ய வேண்டும் என்று நம் மறைக்கல்வியிலும் இருக்கிறது. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் காணிக்கையைப் பீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொல்கிறாரே, அது யோமா சொல்வதேதான். அவர் பேசியது யூதர்கள் நடுவில், யூதராக. அந்த வசனத்தை நான் பூசையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட எழுந்து வெளியே போனதில்லை.

6 செப்டம்பர், இரவு 11.50

உறுத்தியதைச் சொல்கிறேன்.

எங்களைப் போன்றவர்கள் வார விடுமுறைக்குத் தங்க தெற்கு டெல் அவீவில், பழைய பஸ் நிலையம் பக்கம், சேர்ந்து ஒரு அறை எடுத்து வைத்திருப்போம். ஏழு பேர் வாடகையைப் பங்கு போட்டோம். அதில் மன்னார்க்காரர் ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மீன் குழம்பு வைத்தால் அந்தத் தளமே வந்து எட்டிப் பார்க்கும்.

2016 மார்ச்சில் என் பணம் 1,800 ஷேக்கல் காணாமல் போனது. வீட்டுக்கு அனுப்ப எடுத்து வைத்தது. அந்த வாரம் அறையில் எனக்கு முன்னால் வந்து தனியாக இருந்தவர் அண்ணன். அவர் மகளின் கல்யாணத்துக்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்ததும் எல்லாருக்கும் தெரியும். அவர் வெளியே போயிருந்தபோது மற்ற ஐந்து பேரையும் உட்கார வைத்து, ‘எடுத்தது அவர்தான், வேறு யாருமில்லை’ என்று சொன்னேன். அவர் திரும்பி வந்ததும் முகத்துக்கு நேரேயும் கேட்டேன். அவர் இல்லை என்றார், இரண்டு தடவை சொன்னார், அப்புறம் சொல்லவில்லை. அடுத்த மாதம் அறையை விட்டுப் போய்விட்டார். ஒருவரும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

நவம்பரில் குளிர் தொடங்கியபோது பெட்டியிலிருந்து கோட்டை எடுத்தேன். உள்பை கிழிந்திருந்தது. விளிம்பில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. கையை விட்டுத் துழாவினேன். ஒன்பது இருநூறு ஷேக்கல் நோட்டு, ரப்பர் பேண்டோடு, துணிக்கும் உள்துணிக்கும் நடுவில்.

யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அதை வீட்டுக்கு அனுப்பினேன்.

7 செப்டம்பர், காலை 8.00

ஆறுதலாக எழுதியவர்களுக்கு நன்றி. ஆனால் ‘அது தவறான புரிதல்தானே’ என்று சொல்ல வேண்டாம். மார்ச்சில் நடந்ததை வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். நவம்பருக்கு அப்புறம் கழிந்த ஒவ்வொரு நாளும் நான் தெரிந்தே செய்தது.

9 செப்டம்பர், இரவு 10.15

29ஆம் தேதிக் குறிப்பில் மூன்று தடவை கேட்டால் போதும் என்று எழுதினேன். அதில் ஒரு விலக்கு விட்டுப்போயிற்று, அதுவும் என் விஷயத்தில் வந்து இடிக்கும் விலக்கு.

யோசேப் காரோ சஃபேத் ஊரில் இருந்து தொகுத்த சட்ட நூல்தான் இன்றுவரை அவர்களுக்கு நடைமுறை. அதற்குப் போலந்தில் கிராக்கோவின் மோசே இஸ்ஸர்லெஸ் 16ஆம் நூற்றாண்டில் குறிப்பு எழுதினார். மன்னிப்பு கேட்டு வருகிறவனிடம் கல்நெஞ்சாக இருக்காதே என்று சொன்ன கையோடு, ஒருவன் உன்மேல் அபாண்டமாகக் கெட்ட பெயர் பரப்பியிருந்தால் நீ மன்னிக்க வேண்டியதில்லை என்கிறார். பழிச்சொல்லைக் கேட்டவன் சமாதானத்தைக் கேட்டிருக்க மாட்டான், அதுதான் உரைகாரர்கள் சொல்லும் காரணம். நீயும் அவனும் கைகுலுக்கிக்கொண்டாலும் அது எங்கோ ஒருவன் மனதில் அப்படியே இருக்கும்.

அன்று அறையில் ஐந்து பேர் இருந்தார்கள்.

இன்று சபாவைப் பற்றியும் ஒன்று தெளிவானது. பிஸ்கட் விஷயத்தை எழுதியபோது பாதியைத்தான் எழுதியிருக்கிறேன். எழுந்து நிற்பதற்கு முன் அவர் மகளை அழைத்தார். மகள் மாவுக் கையோடு வந்து வாசலில் நின்றார். அதற்கு அப்புறம்தான் சபா என்னிடம் கேட்டார். மகள் துணைக்கு நிற்கிறார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் முன்னால் திட்டியதால் மகள் முன்னாலேயே கேட்டிருக்கிறார்.

10 செப்டம்பர், காலை 7.30

ஆத்துமக் கணக்கை எப்படி எழுதுவது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. 1808இல் மெனாஹெம் மெண்டல் லெஃபின் என்பவர் இதற்கு ஒரு முறையை வெளியிட்டார். பெஞ்சமின் பிராங்க்ளின் வைத்திருந்த அட்டவணையைப் பார்த்துச் செய்தது: பதின்மூன்று குணம், வாரத்துக்கு ஒன்று, தவறிய நாளில் ஒரு புள்ளி. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்தில் நான்கு சுற்று. பின்னால் லிதுவேனியாவில் இஸ்ராயேல் சலந்தெர் தொடங்கிய முஸார் என்ற ஒழுக்க இயக்கத்தில் இது பரவியது. எனக்கு அட்டவணை ஒத்து வரவில்லை. சபாவின் நோட்டில் குணங்கள் கிடையாது, ஆட்களின் பெயர்தான். எனக்கு அதுவே சரியாகத் தெரிகிறது.

14 செப்டம்பர், இரவு 11.30

ஒரு கதை. இதைச் சபா வாசித்தபோது அவரே நடுவில் நிறுத்திவிட்டார்.

ரெஷ் லாகிஷ் மூன்றாம் நூற்றாண்டுக்காரர், லாகிஷின் மகன் என்றும் அவரைச் சொல்வார்கள். முதலில் கொள்ளைக்காரர். யோர்தான் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த மத ஆசிரியர் ரப்பி யோஹனானைப் பார்த்துத் தண்ணீரில் பாய்ந்தவர், அவர் பேச்சைக் கேட்டு அவரிடமே படித்து, அவர் தங்கையையே கட்டிக்கொண்டு பெரிய அறிஞரானார். தெரிந்தே செய்த பாவமும் தெஷுவாவால் தெரியாமல் செய்ததாக மாறும் என்றும், அன்பினால் வரும் தெஷுவாவால் அது புண்ணியமாகவே மாறும் என்றும் தல்மூதில் சொல்பவர் இவரேதான். தன் வாழ்க்கையை வைத்துப் பேசியிருக்கிறார்.

ஒரு நாள் பாடசாலையில் வாதம். வாள், கத்தி, ஈட்டி இதெல்லாம் செய்து முடிந்ததாக எப்போது கணக்கு? உலையில் காய்ச்சும்போது என்கிறார் யோஹனான். தண்ணீரில் தோய்த்து மெருகேற்றும்போது என்கிறார் ரெஷ் லாகிஷ். அதற்கு யோஹனான், ‘கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியும்’ என்றார். ஒரே ஒரு வரி. எத்தனையோ வருஷம் கழித்து, எல்லார் முன்னாலும். திருந்தியவனிடம் உன் பழைய செயலை நினைத்துப் பார் என்று சொல்லவே கூடாது என்று மிஷ்னாவில் சட்டம் இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய ஆள் அவர்.

‘உன்னால் எனக்கு என்ன நன்மை? அங்கேயும் என்னைத் தலைவன் என்றார்கள், இங்கேயும் அதையேதான் சொல்கிறார்கள்’ என்றார் ரெஷ் லாகிஷ். யோஹனானுக்கு மனம் புண்பட்டது. ரெஷ் லாகிஷ் நோயில் விழுந்தார். தங்கை வந்து அண்ணனிடம் அழுது கெஞ்சினாள், பிள்ளைகளுக்காக, தாலிக்காக என்று நாம் சொல்வோமே அப்படி. அவர் இறங்கவில்லை. ரெஷ் லாகிஷ் இறந்துபோனார்.

அப்புறம் யோஹனான் தேறவே இல்லை. பேச்சுத் துணைக்கு வேறொரு அறிஞரை அனுப்பினார்கள். அவர் யோஹனான் எதைச் சொன்னாலும் ‘உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது’ என்று தலையாட்டினார். ‘ஆதாரம் எனக்குத் தெரியாதா? லாகிஷின் மகன் இருந்தால் இருபத்துநாலு கேள்வி கேட்பான், நான் இருபத்துநாலு பதில் சொல்வேன், விஷயம் விரியும்’ என்று சொல்லி, உடையைக் கிழித்துக்கொண்டு, ‘லாகிஷின் மகனே, எங்கே இருக்கிறாய்’ என்று கத்திக்கொண்டே திரிந்து, புத்தி பேதலித்து இறந்தார்.

இரண்டு பேருமே தெஷுவாவைக் கரைத்துக் குடித்தவர்கள். போய்க் கேட்க ஒருவரும் எழவில்லை.

21 செப்டம்பர், இரவு 9.00

நாளைச் சாயங்காலம் ரோஷ் ஹஷானா, அவர்கள் புத்தாண்டு. அங்கிருந்து யோம் கிப்பூர் வரை தெஷுவாவின் பத்து நாட்கள்.

‘இத்தனை தெரிந்தும் அந்த அண்ணனுக்கு ஏன் போன் செய்யவில்லை’ என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். பயம். அவர் எண் என்னிடம் இருக்கிறது. சொல்லப்போனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவரிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு வாழ்த்துப் படம் வரும். மாட்டுத்தொழுவம், நட்சத்திரம். 2017 முதல் வருகிறது. நான் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை.

2017 யோம் கிப்பூருக்கு முன்னால் சபா நோட்டை மூடிவிட்டு என்னைக் கேட்டார்: ‘உனக்குப் போன் செய்ய ஆள் யாரும் இல்லையா?’ இல்லை என்றேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் செருப்பைக் கேட்டார். அன்று தோல் செருப்பு போட மாட்டார்கள், ரப்பர் செருப்புதான். மாட்டிவிட்டேன். அதுதான் அவருடைய கடைசி யோம் கிப்பூர்.

22 செப்டம்பர், காலை 6.10

தூங்கவில்லை. ராத்திரி முழுக்க ரப்பி ஸெய்ரா கதைதான் மனதில் ஓடியது. யோமாவில் வருவது. தனக்குத் தவறு செய்தவர் யாராவது இருந்தால் ஸெய்ரா அவர் கண்ணில் படும்படி அவர் முன்னால் போவார், வருவார். அவர் தானாக வந்து மன்னிப்பு கேட்க ஒரு வழி இருக்கட்டும் என்று. காயப்பட்டவரே நடந்து கொடுக்கிறார்.

எட்டு வருஷமாக வரும் அந்தப் படங்கள்.

எல்லாருக்கும் மொத்தமாக அனுப்பும் வாழ்த்தாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

1 அக்டோபர், மாலை 4.45

இன்று இங்கே ஆயுத பூஜை, தெரு முழுக்கச் சந்தனமும் பொரியும். அங்கே இன்னும் சில மணி நேரத்தில் எல்லாம் அடங்கும். கார் ஓடாது, பிள்ளைகள் நடுரோட்டில் சைக்கிள் விடும். ஜெபக்கூடத்தில் கோல் நித்ரே தொடங்கும். (அது கடன், வாக்குறுதி எல்லாவற்றையும் ரத்து செய்யும் ஜெபம் என்று ஒருவர் எழுதியிருந்தார், அப்படி இல்லை. தனக்கும் கடவுளுக்கும் நடுவில் செய்துகொண்ட பொருத்தனைகள் மட்டும். இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கை அது தொடாது.) பாவ அறிக்கையை ‘நாங்கள்’ என்றுதான் சொல்வார்கள், நான் என்று இல்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் நெஞ்சில் லேசாகத் தட்டிக்கொண்டு. ‘நாங்கள்’ என்பதற்குள் நான் ஒளிந்துகொள்ள முடியும் என்பதால்தான் முந்தின நாள் போன் நோட்டு வேண்டியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

எண்ணை அழுத்தினேன். மணி போனது, யாரும் எடுக்கவில்லை.

1 அக்டோபர், இரவு 8.20

அவரே கூப்பிட்டார்.

எழுதி வைத்திருந்ததை வாசித்தேன், குரல் நிற்கவில்லை. ‘அண்ணன், 2016 மார்ச்சில் நீங்கள் என் பணத்தை எடுத்தீர்கள் என்று ஐந்து பேர் முன்னால் சொன்னேன். நீங்கள் எடுக்கவில்லை. நவம்பரிலேயே எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டேன்.’

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பின்னால் ஒரு சின்னப் பிள்ளை ஏதோ கேட்டு அடம் பிடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் கேட்டார்: ‘காசு எங்க இருந்தது?’

கோட்டின் உள்துணிக்குள் என்றேன்.

‘கோட்டுக்குள்ளயோ.’ அவ்வளவுதான் சொன்னார். மறுபடியும் மௌனம். பிறகு, ‘அந்தப் பொடியன்களுக்குத் தெரியுமோ?’

தெரியாது என்றேன்.

‘முதல்ல அவங்களுக்குச் சொல்லு’ என்று சொல்லி வைத்துவிட்டார்.

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அவர் வைத்த வரிசை சரி. கிராக்கோவில் எழுதியதைப் படிக்காமலே அவர் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்.

12 அக்டோபர், இரவு 10.40

நிலவரம் கேட்டவர்களுக்கு. ஐந்து பேரில் மூன்று பேரிடம் சொல்லியாயிற்று. மார்த்தாண்டத்துக்காரரிடம் நேரில் போய்ச் சொன்னேன், அவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, ‘நானும் அவரைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லையே’ என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவருக்கும் அண்ணனின் எண்ணைக் கொடுத்தேன். கேரளாக்காரர்கள் இரண்டு பேரும் இன்னும் அங்கேதான் வேலையில் இருக்கிறார்கள். ஒருவர் போனிலேயே என்னை நன்றாகத் திட்டினார். மற்றவருக்கு அந்தச் சம்பவமே ஞாபகமில்லை, மன்னார் அண்ணன் என்றதும், ‘யார், அந்தக் காசு எடுத்தவரா?’ என்றார். சம்பவம் மறந்துபோயிருக்கிறது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. அவரிடம் நிறுத்தி மூன்று தடவை சொன்னேன்.

நேபாளத்துத் தம்பியின் பழைய எண் வேலை செய்யவில்லை. அவரோடு ஹோலோனில் வேலை பார்த்த ஒருவர் விசாரித்துத் தருகிறேன் என்றிருக்கிறார். ஐந்தாமவர் கனடா போய்விட்டாராம், அவருடைய அக்கா வீடு தக்கலைப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அங்கே போகிறேன்.